எழுபது வயது அம்மாவோடு ராமேஸ்வரம்: எதை முதலில், எதை அப்புறம்

கோயம்புத்தூரிலிருந்து 72 வயது அம்மாவைக் காரில் அழைத்துப் போகிறீர்கள். அம்மாவுக்கு மூட்டுவலி, சர்க்கரை இரண்டும் உண்டு. அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது, அவருக்குக் கடற்கரையில் தர்ப்பணம் கொடுக்க வேண்டும். காசியில் வாங்கிய, கங்கை நீர் அடைத்த செம்பு பூஜை அறையில் காத்திருக்கிறது. கோயிலுக்குள் உள்ள 22 தீர்த்தங்களில் நீராடல், தரிசனம், தனுஷ்கோடி எல்லாம் ஒரே நாளில் முடியுமா, ஆடி அமாவாசை அன்றே போய்விடலாமா, காசிக்கு முதலில் போய்விட்டு ராமேஸ்வரம் வருவது முறை தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு நாளா இரண்டு நாளா என்பது போலத் தெரிந்தாலும், இதில் உண்மையான கேள்வி வேறு. எந்த வரிசையில் செய்தால் அம்மா அலையாமல் இருப்பார்கள், அவர்கள் உடம்பு இதில் எவ்வளவைத் தாங்கும் என்பதுதான் அது.

இந்தக் கடற்கரையில் யாத்திரைக்காரர்களுக்கு வழி சொல்லிப் பழகிய அளவில் சொல்கிறேன்: ராமேஸ்வரத்தில் முழு நாளையும் தீர்மானிப்பது ஈரத்துணி. கடலில் குளித்துவிட்டு அதே ஈரத்தோடு கோயிலுக்குள் போய்த் தீர்த்தமாட வேண்டும். ஆனால் அதே ஈரத்தோடு சுவாமி சந்நிதிக்குப் போக விட மாட்டார்கள். இது தெரியாமல் வருகிறவர்கள் முதலில் தரிசனம் செய்துவிட்டு, பிறகு கடலுக்குப் போய், மறுபடி உள்ளே வந்து தீர்த்தமாடி, மூன்று முறை துணி மாற்றுவார்கள். லாட்ஜுக்கும் கோயிலுக்கும் நாலு நடை நடந்த பிறகு மூட்டுவலி உள்ளவர்களால் எழுந்து நிற்கவே முடியாது.

முந்தைய நாள் மாலையே ராமேஸ்வரம் வந்து தங்கினால், மறுநாள் ஒரே நாளில் எல்லாம் முடியும். விடியற்காலையில் வண்டியில் வந்து இறங்கி அன்றே திரும்புவதென்றால் முடியாது. முடித்தாலும் அம்மா படுத்துவிடுவார்கள். தங்கும் இடத்தைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே எடுங்கள். கிழக்குக் கோபுரத்துக்கும் அக்னி தீர்த்தக் கடலுக்கும் நடுவில் இருப்பது நூறு மீட்டர் அளவுதான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அறை கிடைத்தால் செருப்பை அறையிலேயே விட்டுவிட்டு, மாற்றுத் துணியோடு நடந்தே எல்லாம் பார்க்கலாம். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் கார் விட மாட்டார்கள் என்பதால் தூரத்தில் மலிவாக அறை எடுத்தால் ஆட்டோவுக்கு அலைய வேண்டியிருக்கும். அறை கேட்கும்போது தரைத்தளமா, லிஃப்ட் உண்டா, மேல்நாட்டுக் கழிப்பறையா என்ற மூன்றையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அதிகாலை ஐந்து மணிக்கு ஸ்படிகலிங்க (பளிங்கு லிங்கம்) தரிசனம். சுமார் ஒரு மணி நேரம்தான் இருக்கும். இதற்கு அறையிலேயே குளித்து, உலர்ந்த துணியோடு போக வேண்டும். மற்றதெல்லாம் ஈரத்தில் தொடங்குகிறது என்பதால் இதை முதலில் முடித்துவிடுவதுதான் சரி. ‘கடலாடாமல் சுவாமியைப் பார்க்கலாமா’ என்று சிலர் தயங்குவார்கள். தினமும் நூற்றுக்கணக்கானவர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள், குருக்கள் யாரும் தடுப்பதில்லை. இதற்குத் தனி டிக்கெட். செல்போனை அறையிலேயே வைத்துவிடுங்கள். உள்ளே அனுமதி கிடையாது, கொண்டுபோனால் அதை ஒப்படைக்க ஒரு வரிசை, திரும்ப வாங்க ஒரு வரிசை. அதனால் கூட்டத்தில் ஒருவரையொருவர் தவறவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவையுங்கள். பெரிய நந்தி இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும், அங்கே நின்றால் போதும்.

ஸ்படிகலிங்கம் பார்த்து வந்ததும் அம்மாவுக்கு இரண்டு இட்லியும் மாத்திரையும் கொடுத்துவிடுங்கள். தர்ப்பணம் கொடுப்பவர் நீங்கள். பட்டினி இருக்க வேண்டியதும் நீங்கள்தான். அம்மா வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இரண்டு மணி நேரம் குளிர்ந்த நீரில் நனைவதுதான் அங்கே பெரியவர்கள் மயங்கி விழுவதற்கு வழக்கமான காரணம். மாத்திரை அளவை அன்றைக்கு மாற்ற வேண்டுமா என்பதை அம்மாவின் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நாலு மிட்டாயைத் தண்ணீர் புகாத சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு உங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கடல். அக்னி தீர்த்தம் என்பது கோயிலுக்குக் கிழக்கே உள்ள கடற்கரைதான், தனிக் குளம் இல்லை. பெரும்பாலான நாட்களில் அலையே இல்லாமல் ஏரி போலக் கிடக்கும். மீனவர்கள் வடக்கே உள்ள கடலைப் பெண்கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் உள்ளதை ஆண்கடல் என்றும் சொல்வது இதனால்தான். ஆனால் அந்தப் பெயர் வருடம் முழுக்கப் பொருந்தாது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடை திரும்பினால் பெண்கடலே கலங்கி ஆடும். அந்த மாதங்களில் புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அக்னி தீர்த்தத்தில் பயப்பட வேண்டியது ஆழம் அல்ல, காலடி. படிகளில் பாசி வழுக்கும். தண்ணீருக்குள் ஆட்கள் விட்டுப்போன பழைய வேட்டியும் சேலையும் மணலில் புதைந்து கிடக்கும், கால்விரலில் சுற்றினால் ஆள் குப்புற விழ வேண்டியதுதான். பரிகாரம் முடிந்ததும் உடுத்திய துணியைக் கடலில் விடும் பழக்கம் எப்படியோ பரவிவிட்டது. அது தர்ப்பணத்தின் அங்கமே இல்லை. தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள், யாராவது செய்யச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அம்மாவை முழங்கால் அளவுத் தண்ணீருக்கு மேல் கூட்டிப் போக வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் கப்போ செம்போ எடுத்துப் போய், ஆளுக்கு ஒரு கை பிடித்துக்கொண்டு, தலையில் மூன்று முறை ஊற்றினாலே கடலாடியதுதான். முங்கி எழ வேண்டும் என்று ஆசைப்பட்டால் வாயை இறுக்க மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். கரையோரத் தண்ணீர் எல்லா நாளும் சுத்தமாக இருப்பதில்லை.

தர்ப்பணத்துக்குக் கரையிலேயே புரோகிதர்கள் இருப்பார்கள். போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டியவை: கோத்திரம், அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா பெயர்கள், அந்தந்தத் தலைமுறைப் பெண்கள் பெயர்கள், அம்மா வழியில் தாத்தா பாட்டி பெயர்கள், அப்பா தவறிய மாதமும் திதியும். கரையில் உட்கார்ந்த பிறகு கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டு ஊருக்குப் போன் போடுகிறவர்களே அதிகம், உங்கள் போனோ அந்த நேரத்தில் அறையில் இருக்கும். கோத்திரம் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், அதற்கும் சொல்வதற்கு வழக்கம் இருக்கிறது. எள், பச்சரிசி, தர்ப்பை, வாழைப்பழம் போன்றவற்றை அவர்களே வைத்திருப்பார்கள். தொகையைச் சங்கல்பத்துக்கு முன்பே பேசுங்கள். ‘எள்ளும் தண்ணீரும் மட்டுமா, பிண்டமும் உண்டா, பொருளும் சேர்த்தா’ என்று தெளிவாகக் கேளுங்கள். உட்கார்ந்து பாதி மந்திரம் ஆன பிறகு ‘திலஹோமமும் செய்தால்தான் முழுமை’ என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். அது தனிச் சடங்கு. குடும்பத்தில் அதற்கென்று காரணம் இருந்து, யோசித்துச் செய்ய வேண்டியது.

ஆடி அமாவாசை பற்றி ஒரே சொல்: வேண்டாம். ஆடி, புரட்டாசி, தை மூன்று அமாவாசைகளிலும் ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. சாதாரண நாளில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் முடியும் தீர்த்தமாடல் அன்றைக்கு மூன்று, நாலு மணி நேரம் இழுக்கும். அத்தனை நேரமும் ஈரத்துணியோடு வரிசையில் நிற்க வேண்டும். சேது போன்ற தீர்த்தத் தலத்துக்கு வந்த நாளே தர்ப்பணத்துக்கு உரிய நாள், அங்கே நாள் பார்க்க வேண்டியதில்லை என்பது பெரியவர்கள் வழக்கமாகச் சொல்வது. அப்பாவின் திதி அன்றைக்கே வர முடிந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் அமாவாசை, சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை எதுவும் இல்லாத ஒரு செவ்வாயோ புதனோ பாருங்கள். கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் வண்டி வண்டியாக வருவார்கள். பங்குனி, சித்திரையில் மதிய வெயிலில் வீதிக்கல் சுடும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு அந்தச் சூடு தெரியாமலே கொப்பளித்துவிடும். அன்றிரவு அம்மாவின் உள்ளங்காலை நீங்களே விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள்.

நாள் குறிக்கும்போது இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும். திருவிழா நாட்கள் சிலவற்றில் சுவாமி ஊருக்குள் உள்ள கந்தமாதன பர்வதம் என்ற குன்றுக்கோ வேறு மண்டகப்படி மண்டபத்துக்கோ எழுந்தருளுவார். அன்று பகல் முழுவதும் நடை சாத்தியிருக்கும், தீர்த்தமாடலும் இருக்காது. ஆடித் திருக்கல்யாணம், மாசி சிவராத்திரி விழாக்களையொட்டி இப்படி வரும். கிரகண நாளிலும் நேரம் மாறும். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவர்கள் பூட்டிய கதவின் முன் நிற்பது இங்கே அடிக்கடி நடக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய நாள் தேவஸ்தான அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். மற்ற நாட்களில் காலை ஐந்திலிருந்து பகல் ஒரு மணி வரை, மாலை மூன்றிலிருந்து இரவு ஒன்பது வரை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி 22 தீர்த்தம். மகாலட்சுமி, சாவித்திரி, காயத்திரி, சரஸ்வதி, சேதுமாதவர், கந்தமாதனம், கவாட்சம், கவயம், நளம், நீலம், சங்கு, சக்கரம், பிரம்மஹத்தி விமோசனம், சூரியன், சந்திரன், கங்கை, யமுனை, கயா, சிவன், சாத்யாமிர்தம், சர்வம், கோடி. இவற்றில் சேதுமாதவர் தீர்த்தம் குளம், மற்றவை பெரும்பாலும் கிணறுகள். நளன், நீலன், கவயன், கவாட்சன் எல்லாம் அணை கட்டிய வானரத் தலைவர்கள். அணை கட்டியவர்களின் பெயரால் நீராடுகிறோம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், அவர்களுக்குப் பிடிக்கும்.

ஒவ்வொரு கிணற்றின் கைப்பிடிச் சுவர் மேலும் ஓர் ஆள் கயிற்றோடு நிற்பார். கயிற்றின் நுனியில் சின்ன வாளி. அதை உள்ளே வீசி, தண்ணீர் முட்டியதும் இரண்டே இழுப்பில் மேலே கொண்டுவந்து, நம் தலைக்கு மேலிருந்து அப்படியே கவிழ்ப்பார். நாலைந்து அடி உயரத்திலிருந்து விழுவதால் முகத்தில் அறைந்தது போல இருக்கும். அம்மாவைத் தலையைக் குனிந்து, கண்ணை மூடி, உச்சந்தலையில் வாங்கச் சொல்லுங்கள். நிமிர்ந்து பார்த்தால் மூக்கில் ஏறிவிடும். ‘வயசானவங்க, தோள்ல ஊத்துங்கண்ணே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் பார்த்து ஊற்றுவார்கள். டிக்கெட் பல வருடமாக ஆளுக்கு 25 ரூபாயாக இருந்தது. மாறியிருந்தால் கவுன்ட்டரில் எழுதியிருக்கும். அந்த டிக்கெட்டுக்கு எல்லாக் கிணற்றிலும் ஒரு வாளி உண்டு. வெளியிலேயே ஒருவர் வந்து ‘குடும்பத்துக்குத் தனியா ஊத்தறேன்’ என்று பெரிய தொகை சொன்னால், அது டிக்கெட் விலை அல்ல, தனி ஆள் கூலி. உங்களைப் போல நிதானமாகப் போக வேண்டியவர்களுக்கு அப்படி ஓர் ஆள் கூட வருவது உதவிதான். ஆனால் எவ்வளவு என்பதை முதல் கிணற்றுக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

உள்ளே கீழே விழுவதற்கு மூன்று காரணங்கள். ஓயாமல் நனையும் கல்தரை, சந்நிதிக்குச் சந்நிதி உயர்ந்து நிற்கும் வாசற்படி, காலில் சுற்றும் ஈரச்சேலை. முதல் இரண்டையும் நாம் மாற்ற முடியாது. மூன்றாவதை மாற்றலாம். ஆறு கெஜம் நனைந்தால் கனத்து இறங்கிவிடும், கொசுவம் காலடியில் வரும். அம்மா ஒத்துக்கொண்டால் அடர்ந்த நிறத்தில் பருத்திச் சுடிதார் போட்டுக்கொள்வது நல்லது. சேலைதான் என்றால் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டி, தோளிலும் இடுப்பிலும் ஊக்கு குத்திவிடுங்கள். மூக்குக் கண்ணாடி, பல்செட், காது மெஷின், கழுத்துச் சங்கிலி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். கிணற்றுக்குள் விழுந்த கண்ணாடி திரும்பக் கிடைக்காது. ஒருவர் அம்மாவின் முன்னால், ஒருவர் பின்னால் போக வேண்டும். பக்கத்தில் நின்று கையைப் பிடித்தால் ஒருவர் வழுக்கும்போது இருவரும் விழுவார்கள்.

அம்மாவால் 22 கிணறும் முடியுமா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. வீட்டில் துணை இல்லாமல் ஒரு மாடி ஏறி இறங்க முடிகிறதா, ஒரு மணி நேரம் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் இதுவும் முடியும். முடியாவிட்டால் அதில் குறையொன்றும் இல்லை. நீங்கள் எல்லாத் தீர்த்தமும் ஆடுங்கள். அம்மா கடல்நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, உலர்ந்த துணியோடு மூன்றாம் பிரகாரத்தில் உட்கார்ந்திருக்கட்டும். கடைசியாக நீங்கள் கோடி தீர்த்தத்திலிருந்து ஒரு பாட்டிலில் கொண்டுவந்து அவர்கள் தலையில் தெளியுங்கள். ‘கோடி’ என்றால் நூறு லட்சம் என்று பலர் நினைக்கிறார்கள். ராமர் வில்லின் நுனியால் ஊன்றி வரவழைத்த நீர் என்பதே தலக்கதை. வில்லின் நுனிதான் கோடி, தனுஷ்கோடியிலும் அதே கோடிதான். லிங்கத்துக்கு அபிஷேகம் செய்ய எடுத்த நீர் என்பதால் இதைத்தான் ஊருக்கும் எடுத்துப் போகிறார்கள்.

கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிணற்று நீர் எப்படி உப்புக் கரிக்காமல் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் சுவை மாறுவது நிஜமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாறுவது நிஜம், நாக்கில் வைத்தாலே தெரியும். மணல் தீவில் பெய்யும் மழை அப்படியே உள்ளே இறங்குகிறது. மழைநீர் கடல்நீரை விட எடை குறைவு என்பதால் அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. ஆழமில்லாத கிணறு அந்தப் படலத்தைத்தான் தொடுகிறது. ஆழமாக ஆழ்துளை போட்டு இழுத்தால் உப்பு ஏறிவிடும். கிணற்றுக்குக் கிணறு ஆழமும் மண்ணும் மாறுவதால் சுவையும் மாறும். இவ்வளவும் உறுதியாகச் சொல்லலாம். இந்தக் கிணறு இந்த நோயைத் தீர்க்கும் என்று அங்கே சொல்லப்படுவதை நம்பிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்காக அம்மாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மேல் ஊற்றி வழியும் இடத்து நீரைக் குடிக்கவும் வேண்டாம்.

கடைசிக் கிணறு முடிந்ததும் துணி மாற்றும் அறை. மாற்றுத் துணிப் பையோடு ஒருவர் நனையாமல் வெளியே இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. தலையை நன்றாகத் துவட்டி, ஒரு வாய் காபியோ மோரோ குடித்துவிட்டுத் தரிசனத்துக்குப் போங்கள். இங்கே இரண்டு லிங்கம். சீதை மணலால் பிடித்தது ராமலிங்கம், அனுமன் கயிலையிலிருந்து கொண்டுவந்தது விஸ்வலிங்கம். தாமதமாக வந்த அனுமன் மனம் நோகக்கூடாது என்று அதற்கே முதல் பூஜை என ராமர் ஏற்பாடு செய்தார் என்பது கதை, இன்றும் முதல் பூஜை விஸ்வநாதருக்குத்தான். அதனால் வரிசையில் தள்ளிவிட்டாலும் விஸ்வநாதர் சந்நிதியைத் தவறவிடாதீர்கள். பர்வதவர்த்தினி அம்பாள் சந்நிதியில் பொதுவாகக் கூட்டம் குறைவு, அம்மா கொஞ்சம் நின்று கும்பிடலாம்.

காசிச் செம்புக்கு வருவோம். கங்கை நீரைச் செம்பு, பித்தளை, வெண்கலப் பாத்திரத்தில்தான் அபிஷேகத்துக்கு ஏற்பார்கள். தகரம், இரும்பு கூடாது. உங்களுடையது ஈயம் வைத்து அடைத்த செம்பு என்பதால் கவலையில்லை. அதை நீங்களே உடைக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கோயில் அலுவலகத்தில் காட்டி, கங்காபிஷேகத்துக்கு டிக்கெட் வாங்குங்கள். ஈயம் பிடிக்காமல் கசிந்து பாதி காலியாக இருக்கும் செம்புகளும் உண்டு, கிளம்பும் முன் குலுக்கிப் பாருங்கள். கொஞ்சம் இருந்தாலும் போதும். கருவறைக்குள் நாம் போக முடியாது, குருக்கள்தான் வாங்கி அபிஷேகம் செய்வார்.

தரிசனம் முடிந்ததும் வெளியே ஓடிவிடாமல் மூன்றாம் பிரகாரத்தில் கால் மணி நேரம் உட்காருங்கள். வெளிப்பக்கம் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 690 அடி, தெற்கு வடக்காக 435 அடி. ஒரு சுற்று முழுவதும் சுற்றினால் 700 மீட்டருக்கு நெருக்கமாக வரும். 1212 தூண்கள். ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகள் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில், முத்துராமலிங்க சேதுபதி ஆட்சியில் முடிக்கப்பட்டது. மூட்டுவலியோடு சுற்றுவதற்கு இது அதிகம். ஒரு மூலையில் தூண் வரிசையின் நேர் நடுவில் நின்று மறுமுனையைப் பார்த்தால் போதும். தூண்கள் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் ஒரு விரல்கடை வெளிச்சமாக முடியும் காட்சியை அம்மா மறக்க மாட்டார்கள்.

பகல் சாப்பாடு, தூக்கம். மூன்று மணிக்கு தனுஷ்கோடிக்குக் கிளம்புங்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை சுமார் 20 கிலோமீட்டர் நல்ல சாலை, 2017 முதல் முனை வரை காரே போகிறது. மாலை ஐந்து வாக்கில் உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள், இருட்டுவதற்குள் திரும்பியாக வேண்டும். வழியில் பிரியும் கிளைச் சாலையில் கோதண்டராமர் கோயில். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி ஊரும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் கடலோடு போன பிறகும் நின்ற கோயில் அது. பழைய மரபுப்படி சேது ஸ்நானம் இந்த முனையில்தான், வடகடல் மகோததியும் தென்கடல் ரத்னாகரமும் சேருமிடத்தில். ஆனால் இன்றைக்கு அங்கே இறங்கிக் குளிக்கவே கூடாது. இரண்டு கடல் நீரோட்டமும் மோதும் இடம், மணல் அடியிலிருந்து அறுத்துக்கொண்டு போகும், நேற்று மேடாக இருந்தது இன்று பள்ளம். நீச்சல் தெரிந்தவர்களையும் இழுத்திருக்கிறது. கரையில் நின்று ஒரு கைத் தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். முனையில் குடிதண்ணீர், கழிப்பறை இரண்டையும் நம்பிப் போகாதீர்கள்.

கடைகளில் தொட்டித் தண்ணீரில் மிதக்கும் கல்லைக் காட்டுவார்கள். அது செத்த பவளப்பாறை, உள்ளே பஞ்சு போலத் துளைகள், அதில் காற்று நிற்பதால் மிதக்கிறது. சேது பாலத்தின் மேல் உங்களுக்குள்ள பக்திக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, வீட்டுக்கு வாங்கி வரவும் வேண்டாம்.

போகும் வழி பற்றி. முந்தைய நாள் மதுரை, பரமக்குடி வழியாக மதியத்துக்குள் ராமநாதபுரம் வந்துவிட்டால், திருப்புல்லாணி பக்கம்தான், தெற்கே பத்து கிலோமீட்டர். ராமர் தர்ப்பைப் புல்லில் சயனித்திருக்கும் தலம், பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் நாலு மணிக்கு மேல் போங்கள். வடக்கே 15 கிலோமீட்டரில் தேவிபட்டினம். கடலுக்குள் ஒன்பது கல் நிற்கும், நடைபாலத்தில் போய்ப் பார்க்கலாம், நீர் ஏறியிருந்தால் கல் தெரியாது. இங்கே நவபாஷாணம் என்றால் நவக்கிரகமாக நிறுத்திய ஒன்பது கற்கள், பழநியில் சொல்லும் மருந்துச் சரக்கு வேறு. இரண்டில் ஒன்று போதும் என்றால் அம்மாவுக்குத் திருப்புல்லாணியே சுகம். பாம்பன் சாலைப் பாலத்தில் காரை நிறுத்தி இறங்காதீர்கள். ரயில் பாலத்தைப் பார்க்க எல்லோரும் நிறுத்துவதால்தான் அங்கே நெரிசலும் விபத்தும்.

கடைசியாக, காசிக்கு முதலில் போனது தவறா என்பது. முழு மரபு இப்படி: ராமேஸ்வரத்தில் நீராடி மணல் எடுத்து, பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, காசியிலிருந்து கங்கை கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம். உங்களுக்கு முன்பாதி விட்டுப்போயிற்று, பின்பாதியை இப்போது செய்கிறீர்கள். சங்கிலி அறுந்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள், கிடைத்த வரிசையில் முடித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு கட்சிக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதே சரி என்று படுகிறது, ஏனென்றால் அடுத்த சுற்றை இப்போதே தொடங்கிவிட முடியும். காலையில் கடலாடும்போது காலடி மணலில் ஒரு கைப்பிடி மட்டும் அள்ளி, கப்பில் போட்டுக்கொள்ளுங்கள். அறைக்கு வந்து ஒரு தாளில் பரப்பி நிழலில் காயவையுங்கள். ஈரத்தோடு கட்டினால் துணி மக்கி நாற்றம் வரும். காய்ந்ததும் மஞ்சள் துணியில் முடிந்து, மேலே ஒரு சீட்டில் நாளை எழுதி, காலியான கங்கைச் செம்பு இருந்த அதே இடத்தில் வையுங்கள். வீட்டிலிருந்தோ உறவிலிருந்தோ யார் பிரயாகைக்குப் போகிறார்களோ, அவர்கள் கையில் கொடுத்துவிடலாம்.